பவளத்தின் ரப்பர் பூட்ஸ்

1

இந்தக் கதையை எழுதவைத்தது கலை ஆர்வம் என்று சொல்லத்தான் ஆசை. உண்மையில் குற்ற உணர்ச்சி. முதல் வரியை இப்படி எழுதினேன்: "1976 ஆடி மாதம், மெல்பேர்னில், ஆபிரிக்காவின் இதயத்துடிப்பு..." சீ! பவளம் படித்தால் பூட்ஸைக் கழற்றி எறிவார்.

2

பவளம் கோவெண்டர் டேர்பன்காரி. இனித் திரும்பி வரவே கூடாது என்ற ஒருவழிப் பத்திரத்தோடு தென்னாபிரிக்காவை விட்டு வெளியேறியவர். மெல்பேர்னில் ஆபிரிக்க மாணவர்கள் அவரை இந்தியர் என்றார்கள். இந்தியர்கள் ஆபிரிக்கக்காரி என்றார்கள். எங்கள் தமிழ்ச் சங்கம் மட்டும், ஆள் பற்றாக்குறையில், "வாங்கோ வாங்கோ" என்றது.

கலைவிழாவுக்குக் கும்மி ஆடுவீர்களா என்று கேட்டோம். தெரியாதாம். ஆனால் டேர்பன் துறைமுகத்தில் தகப்பனோடு வேலை செய்த ஜூலுத் தொழிலாளர்களிடம் படித்த ஆட்டம் ஒன்று உண்டாம். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டு, அதைக் கையால் தட்டி, தரையை மிதித்து எழுப்புகிற சத்தம்தான் தாளம். ஊரிலிருந்து அவர் கொண்டுவர முடிந்தது அது ஒன்றுதான். அதை ஒருமுறையாவது மேடையில் ஆடிவிட வேண்டும் என்று தவித்தார்.

3

விழா நாள். மேடையில் குத்துவிளக்கு. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பவளம் பூட்ஸோடு படியேறினார். சங்கச் செயலாளர் மகேந்திரராஜா பதறி ஓடிவந்தார்.

"அன்ரி, சப்பாத்தைக் கழட்டுங்கோ! மேடையில விளக்கெல்லோ எரியுது."

"கழட்டினா சத்தம் எப்படி வரும்?"

"வெறுங்காலோட மெல்லமா ஆடுங்கோவன்."

"மிருதங்கத்துல தோலை உரிச்சிட்டு வாசிப்பீங்களா, தம்பி?"

சபை கொல்லென்று சிரித்தது.

[அடிக்குறிப்பு: மகேந்திரராஜா என்று ஒருவரும் இல்லை. செயலாளர் நான்தான். பெயரை மாற்றினால் வெட்கம் குறையுமா என்று பார்த்தேன். குறையவில்லை.]

4

முடிவு அ: விளக்கைக் கீழே இறக்குகிறோம், பவளம் ஆடுகிறார். அருமை. அந்தப் புத்தி அன்று எனக்கு வந்திருந்தால் இதை ஏன் எழுதுகிறேன்?

முடிவு ஆ: பவளம் கண்ணீர் மல்க பூட்ஸைக் கழற்றி, விளக்கை வணங்கி...

அடச்சே, அவர் அழுகிற ஆளே இல்லை.

5

நடந்ததை மட்டும் சொல்கிறேன். பவளம் குனிந்து என் காலைப் பார்த்தார். மைக்கைப் பிடித்தபடி, விளக்கை ஒட்டி, பளபளக்கும் கறுப்புச் சப்பாத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். (குளிர் ஐயா! மெல்பேர்னில் ஆடி மாதம்தான் நடுக்குளிர்காலம்!) சபையும் என் காலைப் பார்த்தது. சிரிப்பு நின்றுபோயிற்று.

இதற்குமேல் எழுத எனக்குக் கை வரவில்லை. நீங்கள் முன்வரிசையில்தான் இருக்கிறீர்கள். சொல்லுங்கள், எங்கள் இருவரில் யாரைக் கழற்றச் சொல்வீர்கள்?