பத்தரை மணிக்கு மேல்

மாவு மில்காரர் தினமும் காலை பத்தரைக்கு ஒரு திருட்டு வேலை பார்ப்பார். கொக்கி போட்ட வயரை மூங்கில் கழியால் தூக்கி, மில்லுக்குப் பின்னால் போகும் மின்கம்பியில் மாட்டுவார். மீட்டருக்குத் தெரியாமல் இரண்டாவது மெஷின் ஓடும். அந்த ஊருக்கு இருப்பதே ஒரு டிரான்ஸ்பார்மர். அதுவும் பன்னிரண்டு வருஷம் மனு கொடுத்து வந்தது. யாராவது கேட்டால், "அரசாங்கத்துக் கரண்ட்டு! எவன் அப்பன் வீட்டுச் சொத்து?" என்பார். மற்ற வீடுகளில் விளக்கு மங்கி அழுது வடிந்தால் அவருக்கென்ன?

அன்று மில்லில் நல்ல கூட்டம். மகள் கைக்குழந்தையோடு கண் கலங்கி வந்து நின்றாள்.

"பாப்பாவுக்குத் தட்டம்மை ஊசி போடலைப்பா. மருந்தெல்லாம் கெட்டுப்போச்சாம். பக்கத்து ஊர்ல அம்மை பரவுது. எனக்குப் பயமா இருக்கு."

மில்காரருக்கு வந்ததே கோபம்! ஒரே பேத்தி, தவமிருந்து வந்த பேத்தி. தலையில் அப்பிய மாவைக்கூடத் தட்டாமல் சுகாதார நிலையத்துக்குப் பாய்ந்தார்.

"மருந்தைப் பாத்துக்கத் துப்பில்லையாம்மா உங்களுக்கு?"

நர்ஸம்மா மருந்து வைக்கும் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த தாளை எடுத்து நீட்டினார்.

"நீங்களே பாருங்கய்யா. எட்டு டிகிரியைத் தாண்டக் கூடாது. சந்தேகப்பட்டு ஒரு வாரமா மணிக்கொரு தடவை எழுதறேன். பத்தரைக்கு மேல வோல்டேஜ் விழுந்து ஃபிரிட்ஜ் நின்னுடுது. அஞ்சு மணிக்குத்தான் திரும்ப ஓடுது. ஞாயித்துக்கிழமை மட்டும் நாள் பூரா ஓடிச்சு. ஏன்னுதான் புரியல."

அவருக்குப் புரிந்தது. பத்தரைக்குக் கொக்கியை மாட்டி ஐந்துக்குக் கழற்றுவது அவர்தான்; ஞாயிற்றுக்கிழமை மில்லுக்கு லீவு. என் கையாலேயே என் கண்ணைக் குத்திக்கிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"புது மருந்து எப்பம்மா வரும்?"

"ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் குழந்தையைக் கூட்டத்துக்குள்ள கொண்டு போகாதீங்க."

"கெடுத்த பாவி நான்தாம்மா," என்றார்.

திரும்பி வந்தவர் நேரே மில்லின் பின்பக்கம் போய்க் கழியால் கொக்கியைத் தட்டிவிட்டார். இரண்டாவது மெஷின் முனகிக்கொண்டு நின்றது.

"என்னய்யா, கரண்ட் போயிடுச்சா?" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

"போகலை. இப்பத்தான் ஊருக்கு வந்திருக்கு. ஒரு மெஷின்தான் ஓடும், இருந்து வாங்கிட்டுப் போங்க."

ஓரமாக நின்ற மகளிடம் வந்தார். மாவுக் கையால் பேத்தியைத் தொடத் தயங்கினார்.

"அரசாங்கத்தை ஏமாத்தறதா நினைச்சேன் தாயி. இந்தப் பச்சைப் புள்ள மருந்தைத்தான் திருடியிருக்கேன்! ஊருக்குன்னு வந்த கரண்ட்ல கை வச்சா, அது யாரோ ஒருத்தர் உசுருல கை வக்கிறது. அந்த யாரோ, நம்ம வீட்டுத் தொட்டில்லயும் இருப்பாங்க."