ரோஜா இருக்கிற போன்

ஞாயிற்றுக்கிழமை அச்சகத்துக்கு லீவு. முதலாளியிடம் கெஞ்சிச் சாவி வாங்கி வந்து, பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரையும் தன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான் மாரிக்கண்ணன். பக்கத்தில், பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் மனைவி வேலுத்தாய். மேஜைமேல் அவளுடைய போன், கம்பெனிப் பெயரை மட்டும் காட்டிக்கொண்டு உயிரில்லாமல் கிடந்தது.

போன வருஷம் டெங்குவில் போய்ச் சேர்ந்த மகள் ரோஜா தத்தித் தத்தி நடந்து வருகிற வீடியோ அதற்குள்தான் இருக்கிறது. வேறெங்கும் இல்லை. அப்டேட் போட்டுக் கெடுத்த புண்ணியவான் மாரிக்கண்ணனேதான். இடம் பத்தவில்லை என்று போன் சொன்னபோதே நிறுத்தித் தொலைத்திருக்கலாம்.

"புது சாஃப்ட்வேர் ஏத்துனா எந்திரிச்சிரும்" என்று அவளிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டான். ஏற்றுவதற்கு முதலில் கம்ப்யூட்டர் போனைக் கண்டுகொள்ள வேண்டுமே. வயரை மாற்றினான். முன்பக்கத்தில் சொருகியதைப் பின்பக்கத்தில் சொருகினான். போனுக்கான டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துத் திரும்ப ஏற்றினான். ஒவ்வொரு தடவையும் 'டிடிங்' என்று சத்தம் வரும், மறுநொடி அடங்கிவிடும்.

கடைசியில் டார்ச் அடித்து, போனின் சார்ஜர் துளைக்குள் பார்த்தான். உள்ளே சாம்பல் நிறத்தில் மினுமினுப்பு. பட்டாசு மருந்தில் கலக்கிற சில்வர் பொடி.

"போனை மருந்து ரூமுக்குள்ள கொண்டு போனியா வேலு?"

"எங்கிட்டு? கேட்டுலயே வாங்கி வச்சிருவாக. சாப்பாட்டு நேரத்துல அங்கன ஓடிப்போயி, சார்ஜ் போட்டுக்கிட்டே பிள்ளையப் பாப்பேன்."

"கை கழுவ மாட்டியா?"

"குழாயடியில கூட்டமா இருக்கும். கழுவிட்டு வந்தா மணி அடிச்சிருவாகளே."

அவனுக்குத் திட்ட வாய் வரவில்லை. போனை அணைத்துவிட்டு, சின்ன பிரஷ்ஷால் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தான். மறுபடி சொருகினான்.

சத்தம் வந்தது. இந்தத் தடவை அடங்கவில்லை. போனின் பெயர் கம்ப்யூட்டரில் தெரிந்தது.

"வந்துருச்சா?" வேலுத்தாய் அவன் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

அடுத்ததாக ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு எழுந்தது. புதிதாக ஏற்றினால் போனில் இருக்கிற படம், வீடியோ எல்லாம் அழிந்துபோகும், சம்மதமா என்று கேட்டது. திரும்பத் திரும்பப் படித்தான்.

"என்ன கேக்குது?"

அவன் மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

"எதுனாலும் சரின்னு அமுக்குங்க. எனக்குப் பிள்ளையப் பாக்கணும்." மவுஸை நோக்கி அவளே கை நீட்டினாள்.

மாரிக்கண்ணன் வயரைப் பிடுங்கினான்.

"கனெக்சன் கட்டாயிருச்சு வேலு" என்றான். "வேற வயர் போட்டுப் பாப்போம்."