ரெண்டு காதும் தெரியணும்

"முகவாயைக் கொஞ்சம் தூக்குங்க" என்று சொன்ன பிறகுதான், தான் பேசிக்கொண்டிருப்பது சுவரில் வரைந்த ஒரு புலியிடம் என்பது ஸ்டூடியோக்காரிக்கு உறைத்தது. யாரும் கேட்டிருக்கக் கூடாதே என்று திரும்பிப் பார்த்தாள். நாத்தனார் மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"புலிக்கு பாஸ்போர்ட்டா அண்ணி? எந்த நாட்டுக்குக் கிளம்புதாம்?"

"வாயை மூடுடி. பழக்க தோஷம்."

பழக்கம் என்றால் சாதாரணப் பழக்கமா? ஒரு ஸ்டூல், பின்னால் ஒரு வெள்ளைத் துணி, எதிரே கால் ஊன்றிய கேமரா. இரண்டடி பின்னால் நகர்ந்தால் கதவு முதுகில் இடிக்கும். அந்த அறையில்தான் அவளுடைய இருபது வருஷமும் போனது. நேராப் பாருங்க, ரெண்டு காதும் தெரியணும், சிரிக்காதீங்க. கல்யாணமாகி மூன்றாம் நாள் வாயெல்லாம் பல்லாக வந்த ஜோடியைக்கூட இப்படி அதட்டித்தான் படமெடுத்து அனுப்பினாள். ஊரில் பாதிப் பேரின் சிரிக்காத முகம் அவள் கைவசம் இருந்தது.

போன வருஷம், வீட்டில் யாரையும் கேட்காமல், தனக்கே தனக்கென்று ஒரு நல்ல கேமரா வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனாள். மரம், பாலம், மழை எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தாள். வந்ததெல்லாம் உப்புச்சப்பில்லாத படங்கள். கேமரா அலமாரிக்குள் போனது. "தூங்கத்தானே போகுது, யாருக்காவது குடுத்துடேன்" என்று கணவர் சொன்னது வெள்ளந்தியாகத்தான். ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்றது. அந்த ரோஷத்தில்தான் அடுத்த தெருக்காரரிடம் வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டுவிட்டாள். இன்று சாயங்காலம் போன் செய்துவிட்டு வருவதாக அவர் சொல்லியிருந்தார்.

அண்ணியும் நாத்தனாரும் என்றால் கீரியும் பாம்பும் என்பார்கள். இந்த இரண்டு பேரும் கூட்டுக் களவாணிகள். நாத்தனாருக்குக் கட்டடம் இடிக்கும் கம்பெனியில் பொக்லைன் ஓட்டுகிற வேலை. மூடிக் கிடந்த பழைய பிஸ்கட் பேக்டரியின் பெரிய கூடத்தை நாளைக் காலையில் இடிக்கப்போகிறார்கள் என்றதும், மேஸ்திரியிடம் கெஞ்சி அனுமதி வாங்கி அண்ணியை அழைத்து வந்துவிட்டாள். "விக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து பாருங்க. அங்கேயும் உங்களுக்கு ஒரு படம் வரலைன்னா, நானே அந்தாள் வீட்டுல கேமராவைக் கொண்டுபோய்க் குடுத்துடுறேன்."

உள்ளே நுழைந்தபோது அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூரைத் தகடுகள் பெயர்ந்த இடங்களிலெல்லாம் வெயில் இறங்கியிருந்தது. மாவு பிசையும் தொட்டிகளின் வயிற்றில் மீன்கள். தூண்களைச் சுற்றி ஏறும் எறும்பு வரிசை, ஒவ்வொரு எறும்பின் முதுகிலும் ஒரு பிஸ்கட். மின்சாரப் பெட்டியின் கதவில் பல் துலக்கும் கிழவர். யார் யாரோ இரவும் பகலுமாகத் திருட்டுத்தனமாய் வந்து வரைந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பேர்கூட எழுதவில்லை. சந்தோஷத்தில் அவள் சின்னப்பெண் மாதிரி அங்குமிங்கும் ஓடினாள். கூடத்தின் நடுவே நீளமாகக் கிடந்த இரும்பு அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்து கிளிக் கிளிக்கென்று எடுத்துத் தள்ளினாள்.

கவிழ்த்துப்போட்ட ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து படங்களைப் பார்த்தபோது அவள் முகம் விழுந்துவிட்டது. நட்டநடுவே புலி, இரண்டு காதும் தெரிய. நட்டநடுவே கிழவர், இரண்டு காதும் தெரிய. மீனுக்குக்கூட காது இருந்திருந்தால் இரண்டும் தெரிந்திருக்கும். இவ்வளவு பெரிய கூடத்துக்கு வந்து, அந்தச் சின்ன அறையைத்தான் படமெடுத்திருக்கிறாள்.

"அந்தாளுக்கே குடுத்துடலாம்டி" என்றாள். "எனக்கு ஸ்டூல்ல உக்கார வெச்சாத்தான் கை வரும்போல."

நாத்தனார் கேமராவை வாங்கி, ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். கண்மூடிய ஒரு பெண்முகம். அடுத்து, வளையல் போட்ட கை. பச்சை மலை. அப்புறம் ஐந்து கால்விரல்கள்.

"இது என்ன அண்ணி?"

"அந்த மூலையில ஒரு முகம். ஒரு காதுதான் தெரியுது, சரியா வரையலை. கை இங்க, பக்கத்துல. மலை அடுப்புக்குப் பின்னாடி. கால் அந்தக் கோடியில."

"அது மலை இல்ல, இடுப்பு!" நாத்தனார் எழுந்தே விட்டாள். "எல்லாம் ஒரே பொம்பளை அண்ணி! பச்சைப் போர்வை போத்திக்கிட்டு ஒருக்களிச்சுத் தூங்குறா. இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும். வண்டி மேல உக்காந்து தினம் அவளைத்தானே பாத்துக்கிட்டிருக்கேன்!"

ஸ்டூடியோக்காரி சுவரைப் பார்த்தாள். அடுப்பு மறைத்தது. பின்னால் நகர்ந்தாள். தூண் மறைத்தது. நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இடித்த பக்கச் சுவர் வழியாக உள்ளே கொண்டுவந்து நிறுத்தியிருந்த பொக்லைனை நோக்கி நடந்தாள்.

"ஏறுங்க பக்கெட்டுல."

"உனக்குப் பைத்தியமா? உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா..."

"யாரு சொல்லப்போறா? நீங்க சொல்லுவீங்களா?"

மண் ஒட்டியிருந்த அந்த இரும்பு வாய்க்குள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு காலை வைத்தாள். வைத்தவள் மறுகாலையும் வைத்தாள். ஆசை யாரை விட்டது! இயந்திரம் உறுமிக்கொண்டு அவளை மேலே தூக்கியது. அடுப்பு கீழே போனது. தூண்கள் விலகின. கூந்தல், தோள், போர்வை, மடக்கிய முழங்கால், பாதம் என்று கூடம் முழுக்க ஒரு பெண் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். நாளைக் காலையைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. ஸ்டூடியோக்காரிக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு கேமராவைத் தூக்கினாள்.

கீழே உறுமல் நின்றது. நாத்தனார் வண்டியிலிருந்து குதித்து ஓடினாள்.

"அடியேய், என்னை அந்தரத்துல விட்டுட்டு எங்கடி ஓடுறே?"

நாத்தனார் பெரிய பாதத்துக்கு அடியில் போய், சிமெண்டுத் தரையில், ஹெல்மெட்டைத் தலைக்கு வைத்து, சுவரில் தூங்குகிறவளைப் போலவே ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள். அண்ணியின் கேமராவுக்குமுன் எப்படி இருக்கவேண்டும் என்று இத்தனை வருஷமாகத் தெரிந்தவளாயிற்றே, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

ஸ்டூடியோக்காரியின் இடுப்பில் செருகியிருந்த போன் அடிக்கத் தொடங்கியது. அடுத்த தெருக்காரராகத்தான் இருக்கும். அவளுடைய இரண்டு கையும் கேமராவில் இருந்தன.

"சிரிடி!" என்று மேலேயிருந்து கத்தினாள். வெற்றுக் கூடம் அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னது. "நல்லா வாய்விட்டுச் சிரி!"

போன் அடித்துக்கொண்டே இருந்தது. தூங்குகிறவளின் குதிகாலடியில், கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஒருத்தி வாய்விட்டுச் சிரித்துப் புரண்டாள். அவள் பக்கத்தில் மஞ்சள் ஹெல்மெட் உருண்டு ஓடி, வெயில் விழுந்த இடத்தில் போய் நின்றது.