நூல் மேஸ்திரிக்கு வளைந்த சுவர்

டைல்ஸ் ஒட்டுகிறவர்களில் அவரை மட்டும் ‘நூல் மேஸ்திரி’ என்பார்கள். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாரென்றால், வரிசை நூல் பிடித்தாற்போல் நிற்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். அந்தப் பெயரால் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்து ஒரு மாதம் ஓய்ந்திருந்தவர், வேலைக்குத் திரும்பிய அன்றே புதுக் கண்ணை வெள்ளோட்டம் விட்டார்.

அன்று பார்க்கப் போன குளியலறைச் சுவரில் டைல்ஸ் ஒட்டியிருந்தவன் அவர் மனைவியின் தம்பி. மேஸ்திரி வழக்கம்போல் இடது கண்ணை மூடினார். நடு வரிசை, ஈரத்துணி போட்ட கொடிக்கயிறு மாதிரி தொய்ந்து தெரிந்தது. மச்சினன் ரசமட்டத்தை வைத்துக் காட்டினான். குமிழி நட்ட நடுவில் நின்றது. ரசமட்டத்துக்கு வயசாகிவிட்டது என்று தீர்ப்புச் சொல்லி, வரிசையைப் பெயர்த்து ஒட்டச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து, கண்ணைக்கூட மூடாமல் ஒரு நோட்டம் விட்டார்.

“இப்பதான்டா மாப்ள சுவர் மாதிரி இருக்கு.”

வீட்டில் மனைவியிடம் அவள் தம்பியின் லட்சணத்தை விலாவாரியாகச் சொன்னார். அவள், அவருடைய டீ கிளாஸுக்கு அடியில் கிடந்த அட்டையை உருவி நீட்டினாள். ஆஸ்பத்திரியில் கொடுத்தது: முழுக்கக் கட்டம், நடுவில் ஒரு புள்ளி. தினமும் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். இடது கண்ணை மூடிப் புள்ளியைப் பார்த்தார். சுற்றியிருந்த கோடெல்லாம் தொய்ந்தது. அச்சடித்தவன் சரியில்லை என்றார்.

“ஏங்க, இந்த அட்டையையும் என் தம்பிதான் ஒட்டினானா?”

மேஸ்திரி வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தார்; கோடெல்லாம் நேராக நின்றது. நேர்க்கோடு தெரியாத மேஸ்திரியை எவன் வீட்டுக்குள் விடுவான்?

மறுநாள் காலையே ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து, உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். பிறகு ஒரு மெஷினில் மோவாயை வைக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். டாக்டரம்மா திரையைக் காட்டினார். அடுக்கடுக்காக விழித்திரை, நடுவில் ஒரு மேடு.

“எங்கயும் கிழியல, பிரியல. நடுவுல மட்டும் நீர் கோத்து வீங்கியிருக்கு. ஆபரேஷனுக்கு அப்புறம் சிலருக்கு வரும். சொட்டு மருந்துலயே பெரும்பாலும் வத்திடும்.”

கண்ணுக்குள் மின்னல் அடித்தாலோ, திடீரென்று கரும்புள்ளிகள் பறந்தாலோ, திரை விழுந்தாற்போல் மறைத்தாலோ உடனே வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.

“அடியில ஈரம் ஏறினா டைல்ஸ் தூக்கிக்கும்ல, அதான்” என்று மேஸ்திரி மனைவியிடம் கிசுகிசுத்தார்.

“யாரு ஒட்டினதுன்னு இங்கயும் ஆரம்பிச்சுடாதீங்க.”

வேளை தவறாமல் மருந்து விட்டதில், சில வாரங்களில் அட்டைக் கோடுகள் நிமிர்ந்தன. திரும்ப எடுத்த படத்திலும் மேடு இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அந்தக் குளியலறைக்குத்தான் போனார். தன் பேச்சைக் கேட்டு மச்சினன் உண்மையிலேயே கோணலாக ஒட்டியிருப்பானே என்று பயம். இடது கண்ணை மூடினார். வரிசை நூல் பிடித்தாற்போல் நின்றது.

“டேய், பெயர்க்கச் சொன்னேனே?”

“நீங்க டீ குடிக்கிற வரைக்கும் சுத்தியால சும்மா தட்டிக்கிட்டிருந்தேன், மாமா.”

மேஸ்திரி ஒரு கணம் முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அன்று சாயங்காலம், அவர் வீட்டுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் அந்த அட்டையை மச்சினனே ஒட்டிக்கொடுத்தான். மேஸ்திரி கண்ணை மூடிப் பார்த்து, அரை நூல் இடப்பக்கம் சாய்ந்திருப்பதாகச் சொன்னார். மச்சினன் மரியாதையாக இரண்டு தட்டுத் தட்டினான்.