ஒரு ஆர்டர்கூட வரக்கூடாது

வீட்டிலிருந்தே சம்பாதிக்கக் கற்றுத்தரும் ஆன்லைன் வகுப்பொன்றைத் தம்பி வாங்கிவிட்டான். அதைக் கேட்டதும் அக்கா தைத்துக்கொண்டிருந்த திரைச்சீலையின் ஓரம் கோணிக்கொண்டு போனது. போனது அவளுடைய பணம். கனத்த துணியைக் கண்டாலே முனகி நின்றுவிடும் பழைய மெஷினைத் தள்ளிவிட்டுப் புதிது வாங்க எடுத்துவைத்திருந்த பணம். அவள் பேங்க் கணக்கு அவன் போனில்தான் இருந்தது.

"உனக்காகத்தான்க்கா. உன் தொழிலை ஆன்லைன்ல கொண்டுபோகலாம்னு."

"என் காசை என்னைக் கேக்காம எடுத்து எனக்கே நல்லது பண்றியா? மகராசனா இரு."

அவன் முதல் வீடியோவைப் போட்டுக் காட்டினான். பேசுகிறவருக்கு வாயெல்லாம் பல். துக்கம் சொன்னாலும் பல் தெரியும் போலிருந்தது. அன்றிலிருந்து அவர் அந்த வீட்டில் பல்லுக்காரர் ஆனார். அவருக்குப் பின்னால் சுவர் நிறையப் புத்தகங்கள்.

"எவ்வளவு படிச்சவர் பாரு," என்றான் தம்பி.

அக்கா திரையருகே முகத்தைக் கொண்டுபோனாள். "படிச்சவரா? அது துணிடா. துணியில அச்சடிச்ச படம். மூணாவது தட்டுல சுருக்கம் விழுந்திருக்கு பாரு. இஸ்திரிகூடப் போடல."

பணத்தைத் திரும்ப வாங்க வழியிருக்கிறதா என்று அவள் அந்தப் பக்கம் முழுவதையும் விரல் வைத்துப் படித்தாள். இருந்தது. ஆனால் எல்லாப் பயிற்சிகளையும் செய்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். அப்படியும் ஒரு ஆர்டர்கூட வந்திருக்கக் கூடாது. இரண்டு மாதத்துக்குள் கேட்டால் முழுப்பணமும் கிடைக்கும்.

"யாரும் செய்யமாட்டாங்கங்கிற தைரியத்துல போட்டிருக்கான்," என்றாள். "நான் செய்றேன்."

தம்பி வீடியோக்களை வாய் பிளந்து பார்த்ததோடு சரி. பயிற்சி என்று வந்தால் பசிக்கிறது என்பான். அக்காவோ, குற்றவாளியை விசாரிக்கிறவள் மாதிரி ஒவ்வொரு பாடமாக உட்கார்ந்து கேட்டாள். செய்யச் சொன்னதைச் செய்தாள். செய்ததைப் படம் எடுத்துவைத்தாள். பாதிப் பாடங்கள் வெறும் காற்று. காலையில் எழுந்ததும் கண்ணாடியைப் பார்த்து, நான் ஜெயிப்பேன் என்று சொல்லச் சொன்னார். அதையும் சொன்னாள், கடன்காரனை முறைக்கிற முகத்தோடு. மூன்று பாடங்கள் அவருடைய அடுத்த வகுப்புக்கான விளம்பரம்.

ஒரே ஒரு பயிற்சியில் மட்டும் அவள் கொஞ்சம் தடுமாறினாள். உங்களிடம் ஏற்கெனவே வாங்கியவர்களுக்குப் போன் செய்து, வாங்கியதில் என்ன குறை என்று கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள்.

இத்தனை வருடத்தில் அவள் அப்படிக் கேட்டதே இல்லை. குறையைக் கேட்டால் காசைக் குறைப்பார்கள் என்ற பயம். ரொட்டி சுடும் கடையில் இரவு வேலை செய்கிறவர் ஒருவர்தான் மனம்விட்டுச் சொன்னார். "திரை ரொம்ப அழகா இருக்குங்க. ஆனா நான் தூங்குறதே பகல்லதானே? ஓரத்துல கத்தி மாதிரி வெளிச்சம் வருது. அழகைப் பாத்துக்கிட்டே முழிச்சுக் கிடக்கேன்."

அக்கா குறுக்கே பேசவில்லை. பயிற்சி ஆயிற்றே. அடுத்த பயிற்சி, கேட்ட குறைக்கு ஒரு தீர்வு கண்டு அதைப் பத்து வரியில் எழுதி ஆன்லைனில் போடுவது. உள்ளே இன்னொரு கனத்த துணி வைத்து, பக்கவாட்டில் சுவரோடு ஒட்டிப் பிடிக்கும்படி ஒரு திரை தைத்தாள். பழைய மெஷின் வழிநெடுக முனகியது. பகலில் தூங்குகிறவர்களுக்கு என்று எழுதி, படத்தோடு போட்டாள்.

யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அவளுக்கு ஏக நிம்மதி. கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஒரு செய்தி வந்தது. 'எனக்கு ஒன்று வேண்டும். எவ்வளவு என்றாலும் பரவாயில்லை. முன்பணம் அனுப்பட்டுமா?' முகப்படம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பூ.

"அக்கா, ஆர்டர்!" தம்பி துள்ளினான்.

"அடங்குடா. பேரம் பேசாம கர்ட்டன் வாங்குற மனுஷப் பிறவியை நீ பாத்திருக்கியா? இது பல்லுக்காரரோட ஆளு. நான் எல்லாத்தையும் செஞ்சு முடிச்சுட்டேன்னு தெரிஞ்சுபோச்சு. காசைத் திருப்பித் தரணுமேன்னு ஆர்டர் அனுப்புறான்."

"இல்லன்னா?"

"இல்லன்னா என்ன, அட்ரஸ் கேட்டு நேர்ல போய் ஜன்னல் இருக்கான்னு பாத்துட்டு வரேன். நான் போன்ல சொன்னாத்தான் நீ காசைத் திருப்பிக் கேக்குற மனுவை அனுப்பணும். நான் சொல்லாம கை வைக்கக்கூடாது."

கெடுவின் கடைசி நாள் நடுப்பகலில் போனாள். பகல் இரண்டு மணியோடு கெடு முடிகிறது. மாடிப்படி முழுக்க வெயில். கதவைத் திறந்த பெண்ணுக்கு முடி ஒருபக்கம் அப்பிக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் இரவு நர்ஸாம்.

"அந்தப் பாடம் எடுக்குறவர் அனுப்பித்தானே ஆர்டர் குடுத்தீங்க?" அக்கா சுற்றி வளைக்கவில்லை.

"யாரு?"

"எப்பவும் பல்லைக் காட்டுவாரே."

"எங்க பல் டாக்டரா? அவர் சிரிச்சு நான் பாத்ததே இல்லைக்கா. உள்ள வாங்க, நின்னா விழுந்துருவேன்."

ஜன்னல் இருந்தது. அதன்மேல் அட்டைப்பெட்டியின் பக்கங்கள், கறுப்புக் குப்பைப்பைகள், ஒரு துண்டு. எல்லாம் டேப்பால் ஒட்டியவை. புது டேப்புக்கு அடியில் பழைய டேப். அதற்கும் அடியில் மஞ்சளாகிப் பொடிந்த டேப். எந்தப் பல்லுக்காரராலும் இரண்டு நாளில் டேப்பை மஞ்சளாக்க முடியாது. இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கீற்று உள்ளே வந்து, கட்டிலின் தலைமாட்டில் சரியாக விழுந்தது. தலையணை இப்போது கட்டிலின் கால்மாட்டில் இருந்தது. அங்கேயும் இன்னொரு கீற்று.

"நாளன்னைக்கு ஆர்டர் எடுத்துக்கலாமா?" அக்காவின் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

"இன்னைக்கே தைக்கமுடியுமான்னு கேக்கலாம்னு இருந்தேன். நேத்து ஊசியைக் கையில வெச்சுக்கிட்டே கண்ணு சொருகிடுச்சுக்கா. பயமா இருக்கு."

அக்கா பையிலிருந்து கனத்த துணியை எடுத்தாள். "படுங்க. நான் பிடிக்கிறேன். வெளிச்சம் எந்தப் பக்கம் வருதுன்னு சொல்லுங்க."

ஸ்டூலில் ஏறி, துணியை இரண்டு கைகளாலும் சுவரோடு அழுத்திப் பிடித்தாள். அறை ஆழமான தண்ணீருக்கு அடியில் போனதுபோல் ஆயிற்று.

"இப்ப வருதா?"

துணியை ஒரு விரலளவு நகர்த்தினாள்.

"இடது பக்கமா, வலது பக்கமா?"

ஒரு மெல்லிய குறட்டை வந்தது.

கீழே பைக்குள் போன் அதிர்ந்தது. தம்பிதான். மணி ரெண்டாகப்போகுது, மனுவை அனுப்பவா என்று கேட்பான். துணியை விட்டால் போனை எடுக்கலாம், பணம் திரும்பும், மெஷின் வரும். துணியை விட்டால் அந்தக் கீற்று நேராக அந்த முகத்தில் போய் விழும். போன் நின்றது. மறுபடி அதிர்ந்தது. நின்றது.

அக்காவின் தோள்கள் வலித்தன. இப்படி நடக்கும் என்றும் பல்லுக்காரர் முன்கூட்டியே கணக்குப் போட்டிருப்பாரோ என்று ஒரு சந்தேகம் வந்தது. போட்டிருப்பார், போடக்கூடிய ஆள்தான். அவள் துணியை இன்னும் கொஞ்சம் இடதுபக்கம் இழுத்து அழுத்திக்கொண்டாள்.