சீட்டின் மறுபக்கம்

ஒன்பதாம் வகுப்பில் அவளை வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் வழக்குத்தான். அவளுடைய உயிர்த்தோழிக்குத் தூங்குமூஞ்சி என்று பேர். முதல் பாடவேளையிலேயே மேசையில் சாய்ந்துவிடுவாள். பள்ளியின் வாசிப்பு மன்றத்தை இந்த இரண்டு பேரும்தான் நடத்தினார்கள். புத்தக அலமாரியின் சாவி தூங்குமூஞ்சியிடம், பேச்சு முழுவதும் வக்கீலிடம்.

மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. படித்த புத்தகத்தைப் பற்றி மனதில் பட்டதைப் பேர் போடாமல் சீட்டில் எழுதி, பழைய பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். வேறொருவர் எடுத்து உரக்கப் படிப்பார். யார் எழுதியது என்று யாரும் கேட்கக் கூடாது.

ஒரு வெள்ளிக்கிழமை, எல்லோரும் படித்திருந்த ஒரு கதையைப் பற்றி வக்கீலின் கையில் சிக்கிய சீட்டில் இப்படி இருந்தது: "அந்த அம்மா சாகற இடத்துல எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு."

விடுவாளா? அதே பக்கத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் மூக்கைச் சிந்தியவள் அவள். "இது மனசா, கருங்கல்லா? இவங்களுக்கெல்லாம் எதுக்குப் புத்தகம்?" என்று வாங்கு வாங்கென்று வாங்கினாள். எல்லோரும் கைதட்டினார்கள். தூங்குமூஞ்சி மட்டும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தன் குரலைத் தானே கேட்கிற சுகத்தில் வக்கீலுக்கு அது கண்ணில் படவே இல்லை.

திங்கட்கிழமை தூங்குமூஞ்சி வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. வெள்ளிக்கிழமை சாவியைக் கொடுத்துடறேன். இனிமே மன்றத்துக்கு வரல."

வியாழக்கிழமை வக்கீல் டப்பாவைத் துடைக்கும்போதுதான் அந்தச் சீட்டு மறுபடி கைக்கு வந்தது. பின்பக்கமும் எழுதியிருந்தது. பாதியைப் படித்துவிட்டுத் தீர்ப்பே சொல்லியிருக்கிறாள், பெரிய வக்கீல்! மீதியையும் படித்தாள். எழுதியது யார் என்று கேட்கவே வேண்டியதில்லை. போன வருஷம் அம்மாவைப் பறிகொடுத்தவள் அந்த மன்றத்தில் ஒருத்திதான்.

மறுநாள் மன்றம் கூடியதும் தூங்குமூஞ்சி வந்தாள். சாவியை மேசையில் வைத்தாள். வாசல் வரை போய்விட்டாள். வக்கீல் சட்டென்று எழுந்தாள்.

"போன வாரம் ஒரு சீட்டைத் திட்டினேன். திருப்பிக்கூடப் பாக்கல. கருங்கல்லு நான்தான். எழுதினது யாரா இருந்தாலும் என்னை மன்னிச்சுடுங்க."

அந்தச் சீட்டு அவள் கையிலேயே இருந்தது.

"பின்பக்கம் இருக்கறதையும் படி," என்றாள் வாசலில் நின்றவள்.

"மாட்டேன்."

"படிடி. எழுதினது நான்தான்."

வக்கீல் தட்டுத் தடுமாறிப் படித்தாள்: "கதையில அந்த அம்மா சாகும்போது நாலு பக்கம் அழகாப் பேசறாங்க. எங்கம்மா கடைசியாச் சொன்னது, 'குழாயை மூடுடி, தண்ணி வீணாப் போகுது.' அதை நினைச்சுத்தான் சிரிச்சேன். அப்புறம் ரொம்ப நேரம் அழுதேன்."

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். தூங்குமூஞ்சிக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே கண்ணீரும். வக்கீல் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். நிறுத்துவதாக இல்லை.

"போதும்டி, குழாயை மூடு," என்றாள் தூங்குமூஞ்சி. மேசையிலிருந்த சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.