நனைந்த மெத்தைகளின் படம்

“அடுத்த வீட்டுக் குடையை எப்படிப்பா நாம விக்கலாம்?” என்று மகள் ஒருமுறை கேட்டாள்.

அப்பா ஒரு நாளிதழின் வணிகப் பக்கத்தில் உதவி ஆசிரியர். கையில் இல்லாத பங்கை விற்று லாபம் பார்ப்பவர்களைப் பற்றி அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். “மழை நாள்ல குடையை இரவல் வாங்கி முந்நூறுக்கு வித்துடணும். மழை விட்டதும் குடை விலை இறங்கும். நூறுக்கு ஒண்ணு வாங்கித் திருப்பிக் குடுத்துட்டா, இருநூறு நமக்கு.”

“மழை விடலேன்னா?”

“விட்டுடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லணும்.”

“அது பொய்யில்லையா?”

“அதைத்தான்டி உங்கப்பா ஆபீஸ்ல அச்சடிக்கிறாங்க,” என்றாள் அம்மா, அடுக்களையிலிருந்து.

அவர் சிரித்தார். பத்தே நாளில் அந்தச் சிரிப்பு போயிற்று.

ஒரு மெத்தைக் கம்பெனியின் கிடங்கில் விற்காத மெத்தைகள் மக்கிக் கிடப்பதாக ஒரு கூட்டம் அறிக்கை விட்டது. அந்தக் கம்பெனிப் பங்கை இரவல் வாங்கி ஏற்கெனவே விற்றுவிட்டவர்கள் அவர்கள். பக்கம் முடிய இன்னும் பத்து நிமிடம். செய்தி சிறியது, இடம் பெரியது. உதவி ஆசிரியர் பழைய படங்களைத் துழாவினார். எப்போதோ வெள்ளத்தில் நனைந்து ஒரு மருத்துவமனை வாசலில் குவிந்திருந்த மெத்தைகள் அகப்பட்டன. பழைய படம் என்று காட்டும் ‘கோப்புப் படம்’ என்ற இரண்டு சொற்கள் மட்டும் வரியில் அடங்கவில்லை. வெட்டிவிட்டார்.

மறுநாள் இருநூறில் இருந்த பங்கு நூற்றிருபதுக்கு விழுந்தது. அந்தக் கூட்டம் மலிவாக வாங்கி இரவலைத் தீர்த்துக்கொண்டது. நான்காம் நாள் கம்பெனி கிடங்கைத் திறந்து காட்டியது; மக்கிய மெத்தை ஒன்றுகூட இல்லை. விலை பழையபடி ஏறியது. நாளிதழ் எறும்பு எழுத்தில் இரண்டு வரி வருத்தம் தெரிவித்தது.

ஞாயிறன்று உதவி ஆசிரியர் சவரத்துக்குப் போனார். அவர் எந்த ஆபீஸ் என்று சலூன்காரர் கேட்டதே இல்லை. நுரை பூசி, கத்தியைத் தொண்டையில் வைத்த பிறகுதான் அவர் பேச்சைத் தொடங்குவார்.

“மெத்தைப் பங்கு நூறு வெச்சிருந்தேன் சார், ரெண்டாவது நாற்காலி வாங்கலாம்னு. அறிக்கையெல்லாம் நான் நம்பல. ஆனா படமே போட்டுட்டானே! அடிச்சுப் பிடிச்சு வித்தேன். எட்டாயிரம் போச்சு.”

“அந்தப் படம்...”

“பேசாதீங்க சார், கத்தி பட்டுடும். அதைப் போட்டவன் மட்டும் இந்த நாற்காலியில வந்து உக்காரட்டும்!”

“உக்காந்தா?”

“அசையாதீங்கன்னா! என்ன பண்ணுவேன், சவரம்தான் பண்ணுவேன். வேற என்ன தெரியும் எனக்கு? ஆனா கிருதாவை ஒரு பக்கம் ஏத்தி, ஒரு பக்கம் இறக்கிடுவேன்.”

மறுநாள் காலையில் உதவி ஆசிரியர் கடவுளைக் கும்பிடக் கண்ணை மூடினால், மெத்தைகள்தான் தெரிந்தன.

நுரைக் கையால் சலூன்காரர் காசைத் தொடமாட்டார். வருகிறவர்களே தகரப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள். மாலையில்தான் அதைத் திறப்பார். புதன்கிழமை மறுபடி சவரத்துக்குப் போன உதவி ஆசிரியர் அதில் ஆயிரம் போட்டார்.

வெள்ளிக்கிழமை மறுபடி கிளம்பினார். “முகத்துல தோலாவது மிஞ்சட்டும்,” என்றாள் மனைவி.

கடைக் கண்ணாடியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: ‘நூறு என்று நினைத்து ஆயிரம் போட்டவர் வந்து வாங்கிக்கொள்ளவும்.’

“கண்ணாடி போட மறந்த ஆளு போல சார்,” என்றார் சலூன்காரர். “பாவம், வீட்டுல என்ன சண்டையோ. தனியா எடுத்து வெச்சிருக்கேன்.”

எட்டாயிரம் பறிகொடுத்தவர், யாருடையதோ ஆயிரத்துக்குக் காவல் இருந்தார். இப்படிப்பட்டவர்களை நம்பித்தான் கடவுள் உலகத்தை விட்டுவைத்திருக்கிறார் போலும்.

அடுத்த வாரம் கடையில் வேறு யாருமில்லை. வெந்நீர் எடுக்கச் சலூன்காரர் பின்பக்கம் போனார். உதவி ஆசிரியர் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். ஏழாயிரத்தைச் சுற்றியிருந்த காகிதத்தில், ‘அந்த ஆயிரமும் தவறிப் போட்டதல்ல. படத்துக்காக உங்களுக்குச் சேர வேண்டியது. மன்னியுங்கள்’ என்று எழுதியிருந்தது. அதைப் பெட்டிக்குள் தள்ளினார்.

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டார்.